அழிந்துவரும் நன்னீர் மீன்களை மறுபடி ஆற்றில் விடுவது: கணினி மாதிரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கில், மர்ரே–டார்லிங் படுகையின் மலையோர ஆறுகளில் ஒரு காலத்தில் நிறைந்திருந்த மீன் மக்குவாரி பெர்ச். அணைகள், வண்டல், வெளியிலிருந்து வந்த ரெட்ஃபின் பெர்ச், அந்த மீன் பரப்பும் ஈ.எச்.என். வைரஸ் (மீன்களைக் கொல்லும் ஒரு நோய்க்கிருமி), அளவுக்கு மீறிய பிடிப்பு எல்லாம் சேர்ந்து இன்று அதைத் துண்டுதுண்டான சில கூட்டங்களாக்கிவிட்டன. அந்நாட்டுச் சட்டப்படி அது அழிவாபத்தில் உள்ள இனம். அதை இழந்த ஆறுகளுக்குத் திருப்ப, மீனைத் தொடுவதற்கு முன்பே கணினியில் பலமுறை விட்டுப் பார்க்கும் வழக்கம் அங்கே வேரூன்றியிருக்கிறது. சார்ல்ஸ் டாட், மார்க் லின்டர்மன்ஸ் இருவரும் 2015இல் வெளியிட்ட மாதிரி (மீன் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறும் என்று கணக்கிடும் நிரல்) இந்த மீனுக்காகவே எழுதப்பட்டது. எந்த வயது மீனை எடுத்து இடம் மாற்றுவது என்பதே அதன் மையக் கேள்வி. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த மீனை முன்வைத்தே செல்கின்றன. முறை மற்ற மீன்களுக்கும் பொருந்தும்.

கணினி எதற்கு? குஞ்சுகளை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

தெரியும், ஆனால் மிகத் தாமதமாகத் தெரியும். பெண் மீன் முட்டையிடும் பருவத்துக்கு வர மூன்று ஆண்டு ஆகும். அது இட்ட முட்டையிலிருந்து வந்த தலைமுறை முட்டையிட இன்னும் மூன்று ஆண்டு. நடுவில் ஒரு வறட்சி வந்தால் கணக்கு மீண்டும் தொடக்கத்துக்குப் போய்விடும்.

குவீன்பியன் ஆற்றில் நடந்தது இதற்குச் சரியான சான்று. கூகாங் நீர்த்தேக்கம் உருவானபோது அதில் அகப்பட்ட மக்குவாரி பெர்ச்களால் மேலே இருந்த அருவியைத் தாண்டி முட்டையிடும் இடங்களுக்குப் போக முடியவில்லை. 1980இல் சில பத்து மீன்களைப் பிடித்து அருவிக்கு மேலே கொண்டுபோய் விட்டார்கள். நீர்த்தேக்கத்தில் இருந்தவை மறைந்துபோயின. மேலே விட்டவை பெருகின. இருபது ஆண்டுக்கும் மேலாக அது வெற்றிக் கதையாகவே இருந்தது. பிறகு 1997 முதல் 2009 வரை நீண்ட வறட்சியின் பிற்பகுதியில் புதுக் குஞ்சுகள் வருவது நின்று, அந்தக் கூட்டமும் சரிந்தது. பத்தாம் ஆண்டில் அளந்திருந்தால் வெற்றி என்றுதான் எழுதியிருப்பார்கள். இத்தகைய ஐம்பது ஆண்டு வரலாறுகளை ஆயிரக்கணக்கில், வறட்சியோடும் வறட்சி இல்லாமலும், ஓட்டிப் பார்க்கக் கணினியை விட்டால் வேறு வழி இல்லை.

மாதிரி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

‘2045இல் இந்த ஆற்றில் 312 மீன் இருக்கும்’ என்று சொல்லாது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ‘ஆண்டுக்கு 100 ஒருவயதுக் குஞ்சுகளை ஐந்து ஆண்டு விடுவது, 500ஐ ஒரே ஆண்டில் விடுவதைவிட மேலானதா? எவ்வளவு மேலானது? எந்தச் சூழலில் அந்த முடிவு தலைகீழாகும்?’ என்பதற்கு நன்றாகப் பதில் சொல்லும். வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது எல்லா வழிகளுக்கும் பொதுவான பிழைகள் பெருமளவு கழிந்துவிடுகின்றன. மாதிரியின் பலம் அங்கேதான் இருக்கிறது.

மாதிரி எழுதத் தொடங்கும் முன் எதை முடித்திருக்க வேண்டும்?

அந்த ஆற்றில் மீன் ஏன் அழிந்தது, அந்தக் காரணம் இப்போது இல்லையா என்ற கேள்வியை. ஐ.யூ.சி.என். (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) 2013இல் வெளியிட்ட மறு அறிமுக வழிகாட்டி நெறிகளும் இதையே முன்னால் வைக்கின்றன. டார்ட்மத் அணையின் அடித்தட்டிலிருந்து திறந்துவிடப்பட்ட குளிர்ந்த நீர், மிட்டா மிட்டா ஆற்றில் வெதுவெதுப்பான நீரில் முட்டையிடும் மீன்களுக்கு இடமில்லாமல் செய்தது. அங்கே மர்ரே காட் மீனுக்கு எழுதப்பட்ட மாதிரி, முட்டையிட்ட பின்வரும் சில நாட்களின் நீர் வெப்பநிலையே கூட்டத்தின் கதியை நிர்ணயிக்கிறது என்று காட்டியது. அணைத் திறப்பை மாற்றாமல் அத்தகைய ஆற்றில் எத்தனை லட்சம் குஞ்சு விட்டாலும் பயன் இருக்காது.

அதேபோல, விடும் இடத்தில் ரெட்ஃபின் பெர்ச் உண்டா, அது மேலேறி வர முடியாதபடி அருவியோ தடுப்போ உண்டா என்பதை நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். சோதனைச்சாலையில் ஈ.எச்.என். வைரஸுக்கு மக்குவாரி பெர்ச் மிக எளிதில் பலியானது.

என்னென்ன தரவு வேண்டும்?

குறைந்தபட்சம் இவை: எந்த வயதில் பெண் மீன் முதிர்கிறது, எடைக்கு ஏற்ப எத்தனை முட்டை, ஒவ்வொரு வயதிலும் ஆண்டுக்கு எத்தனை பங்கு பிழைக்கிறது, அந்தப் பிழைப்பு ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு ஏறி இறங்குகிறது, விடும் ஆற்றுப்பகுதி எத்தனை பெரிய மீன்களைத் தாங்கும், வெள்ளம், காட்டுத்தீ, வறட்சி போன்றவை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருகின்றன.

தாங்குதிறனை மொத்த ஆற்று நீளத்திலிருந்து கணக்கிடாதீர்கள். மக்குவாரி பெர்ச் சரளைக்கல் மேல் வேகமாக ஓடும் ஆழமற்ற நீரில் முட்டையிடும். முட்டைகள் கல்லிடுக்குகளில் தங்கிப் பொரிக்கும். அத்தகைய சரளைப் பகுதி எத்தனை, வண்டல் மூடாமல் எத்தனை மிச்சம், கோடையிலும் வற்றாத மடுக்கள் எத்தனை என்று நடந்து எண்ண வேண்டும். 30 கி.மீ. ஆற்றில் பயன்படும் சரளை 2 கி.மீ. மட்டுமே என்றால், அந்த 2 கி.மீ.தான் கணக்கில் சேரும்.

முட்டையிலிருந்து ஒரு வயது வரை எத்தனை பிழைக்கும் என்று யாருக்குமே தெரியாதே? அங்கே எந்த எண்ணை இடுவது?

மீன் மாதிரிகளில் மிகக் கடினமான இடம் இதுதான். பலர் ஏதோ ஒரு கட்டுரையில் வேறு மீனுக்குக் கொடுத்திருந்த எண்ணை எடுத்து இட்டுவிடுகிறார்கள். அது எவ்வளவு ஆபத்து என்பதை விளக்கத்துக்கான ஒரு கணக்கால் காட்டலாம்.

முதிர்ந்த பெண் ஆண்டுக்கு 20,000 முட்டை இடுகிறது என்று கொள்வோம். முதிர்ந்த மீனின் ஆண்டுப் பிழைப்பு 0.7. ஒரு வயதிலிருந்து இரண்டுக்கு 0.3, இரண்டிலிருந்து மூன்றுக்கு 0.5; அதாவது ஒருவயதுக் குஞ்சு நூற்றில் 15 மட்டுமே முதிர்கின்றன. ஆண்டுதோறும் முதிர்ந்த மீன்களில் 30 சதவீதம் இறக்கின்றன. அதை ஈடுகட்ட ஒவ்வொரு பெண்ணும் ஆண்டுக்கு 0.3 முதிர்ந்த மகள்களைத் தர வேண்டும். 20,000 முட்டையில் பாதி பெண், 10,000இலிருந்து 0.3 முதிர்ந்த மகள் கிடைக்க, இரண்டு பெண் குஞ்சு ஒரு வயதை எட்ட வேண்டும். அதாவது பிழைப்பு 10,000க்கு 2.

இதை 10,000க்கு 4 என்று மாற்றினால் கூட்டம் ஆண்டுக்குச் சுமார் 15 சதவீதம் வளரும். இருபது ஆண்டில் 16 மடங்காகும். 10,000க்கு 1 என்று மாற்றினால் ஆண்டுக்குச் சுமார் 11 சதவீதம் குறையும். இருபது ஆண்டில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். பத்தாயிரத்தில் ஒன்றா நான்கா என்பதை எந்தக் கள ஆய்வும் நேரடியாக அளந்து சொல்லிவிட முடியாது. மாதிரியின் முடிவோ முழுக்க அதன்மேல் நிற்கிறது.

அதனால் இந்த எண்ணைத் தலைகீழாகத் தேட வேண்டும். அந்த இனத்தின் நல்ல நிலையில் உள்ள ஒரு கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது பல ஆண்டுகளாக எப்படி ஏறி இறங்கியது, வயது வாரியாக எந்த விகிதத்தில் மீன் கிடைத்தது என்பதற்கு ஒத்துவரும் மதிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளுங்கள். கடைசியில் கையில் இருப்பது ஒரு எண்ணாக இருக்காது, ஒரு வரம்பாகவே இருக்கும். அந்த வரம்பு முழுவதையும் மாதிரிக்குள் கொண்டுபோக வேண்டும்.

எந்த மென்பொருள் நல்லது?

வோர்டெக்ஸ் இலவசம், ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியாகப் பின்தொடரும், உட்கலப்பின் (நெருங்கிய உறவுகள் இணைவதன்) பாதிப்பையும் சேர்த்துக் கணக்கிடும். ஆனால் அது குறைவாக ஈனும், நெடுநாள் வாழும் விலங்குகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இருபதாயிரம் முட்டையை ஒவ்வொன்றாகப் பின்தொடரச் சொன்னால் திணறும். ஒரு வயதை எட்டிய குஞ்சையே ‘பிறப்பு’ என்று வைத்து, பெண்ணுக்கு ஆண்டுக்குச் சராசரி நான்கு குஞ்சு (இரண்டு ஆண், இரண்டு பெண்) என்பதுபோல் கொடுத்தால் ஓடும். அப்படிச் செய்யும்போது முதல் வருடத்தின் ஏற்ற இறக்கம் முழுவதையும் அந்த எண்ணின் மாறுபாட்டில் ஏற்ற வேண்டும்.

வயது வாரியான அணி மாதிரிக்கு, அதாவது ஒவ்வொரு வயது மீனின் எண்ணிக்கையையும் ஒரு எண் அட்டவணையால் பெருக்கி அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் மாதிரிக்கு, ‘ஆர்’ நிரல்மொழியே போதும். இருநூறு வரிக்குள் எழுதிவிடலாம். கட்டணம் செலுத்த முடிந்தால் ராமாஸ் உண்டு. நீரோட்டம், மடு, தடுப்பு என்று இடம் சார்ந்த கேள்வி என்றால் ஹெக்ஸ்சிம் போன்றவை, அல்லது ஓடை மீன்களுக்கென எழுதப்பட்ட இன்ஸ்ட்ரீம். புதிதாகத் தொடங்குபவர் எளிய அணி மாதிரியில் தொடங்குவதே நல்லது. ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று கைப்பட எழுதிவைக்க நேரும். அந்தப் பட்டியலே பாதி வேலை.

நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு என்பதை எப்படி உள்ளே கொண்டுவருவது?

சராசரியை மட்டும் கொடுத்தால் மாதிரி எப்போதும் நம்பிக்கையாகவே பேசும். கூட்டம் ஓராண்டு 1.5 மடங்காகவும் மறு ஆண்டு 0.6 மடங்காகவும் மாறி மாறி வந்தால், இரண்டின் சராசரி 1.05, வளர்வதுபோல் தோன்றும். ஆனால் இரண்டு ஆண்டு முடிவில் 1.5 × 0.6 = 0.9. உண்மையில் கூட்டம் தேய்கிறது. ஏற்ற இறக்கம் பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளியும் பெரிதாகும்.

பிழைப்பு விகிதத்தின் ஏற்ற இறக்கத்துக்கு, எப்போதும் 0க்கும் 1க்கும் இடையிலேயே நிற்கும் பீட்டா பரவலைப் பயன்படுத்துங்கள். மணி வடிவ இயல்நிலைப் பரவலைக் கொடுத்தால் சில ஆண்டுகளில் 1க்கு மேலோ 0க்குக் கீழோ போய்விடும்; அதை வெட்டிச் சரிசெய்தால் சராசரி நகர்ந்துவிடும். முட்டை எண்ணிக்கைக்கு, 0க்குக் கீழே போகாத மடக்கை இயல்நிலைப் பரவல் பொருத்தமானது.

அடுத்து, கெட்ட ஆண்டுகள் தனித்தனியாக வருவதில்லை. குஞ்சு தேறாத ஆண்டின் வாய்ப்பு 0.4 என்றால், ஐந்து ஆண்டும் தொடர்ந்து தவறும் வாய்ப்பு 0.4ஐ ஐந்து முறை பெருக்கினால் வரும் 1 சதவீதம் என்று தோன்றும். வறட்சியில் ஒரு கெட்ட ஆண்டுக்குப் பின் மற்றொரு கெட்ட ஆண்டு வரும் வாய்ப்பு கூடுதல். ஆகவே கெட்ட ஆண்டுக்குப் பின் கெட்ட ஆண்டு வரும் வாய்ப்பு எவ்வளவு, நல்ல ஆண்டுக்குப் பின் எவ்வளவு என்று இரண்டு எண்கள் வேண்டும். அவற்றை ஆற்றின் நீரோட்டப் பதிவிலிருந்தே எடுக்கலாம். மீன் தரவு இல்லாத இடங்களில்கூட நாற்பது, ஐம்பது ஆண்டு நீரோட்டப் பதிவு பெரும்பாலும் கிடைக்கும்.

காட்டுத்தீயை மறக்காதீர்கள். 2019–20 தீக்குப் பின் மழையில் சாம்பல் அடித்துவரப்பட்டு நியூ சவுத் வேல்ஸின் மானஸ் ஓடையில் இருந்த மக்குவாரி பெர்ச் கூட்டம் பெரும் அடி வாங்கியது. சில மீன்களை முன்கூட்டியே எடுத்துப் பாதுகாப்பில் வைத்தார்கள். ஒரே ஓடையில் மட்டும் உள்ள கூட்டத்துக்கு இத்தகைய ஒரு நிகழ்வு போதும். இரண்டு தனித்தனிப் பள்ளத்தாக்குகளில் விடும் திட்டமும் ஒரே இடத்தில் இரட்டிப்பாக விடும் திட்டமும் மாதிரியில் வேறுபடுவது பெரும்பாலும் இதனால்தான்.

எந்த வயது மீனை எடுத்துப் போய் விடுவது?

மேலே சொன்ன கணக்கையே தொடர்வோம். 100 ஒருவயதுக் குஞ்சு, இயல்பாகப் பிழைத்தால், இரண்டு ஆண்டு கழித்து 15 முதிர்ந்த மீனாகும். எடுத்துப்போன அதிர்ச்சியால் முதல் ஆண்டில் பாதி கூடுதலாக இறந்தால் ஏழு, எட்டுதான். ஆக, 15 பெரிய மீனை நேரடியாகக் கொண்டுபோவதற்கு ஈடாக 100 முதல் 200 குஞ்சு வேண்டும். பெரிய மீன் என்றால் அந்த ஆண்டே முட்டையிடலாம். அப்படியிருக்கப் பெரிய மீன்தானே மேல் என்று தோன்றும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 15 பெரிய மீனை இழப்பது மூலக் கூட்டத்துக்கு, அதாவது மீனை எடுக்கும் கூட்டத்துக்கு, பெரிய அடி. அதன் அடுத்த ஆண்டு முட்டை அப்போதே குறைகிறது. ஆனால் குஞ்சுகள் நெருக்கமாக இருக்கும் இடத்திலிருந்து 100 குஞ்சை எடுத்தால், மிஞ்சியவற்றுக்கு உணவும் இடமும் கூடிப் பிழைப்பு உயரும். இழப்பின் ஒரு பகுதி தானாகவே ஈடாகிவிடும். நெருக்கமே இல்லாத, ஏற்கெனவே மெலிந்த கூட்டத்தில் இந்த ஈடு கிடைக்காது. பெரிய மீன் விட்ட இடத்தில் தங்காமல் நீரோட்டத்தோடு போய்விடும் ஆபத்தும் உண்டு. விடும் பகுதிக்குக் கீழே அணையோ அருவியோ இருந்தால் போனது திரும்பாது.

பண்ணையில் பெரிதாக வளர்த்து விடலாமே என்ற யோசனையும் அடிக்கடி வரும். டிரவுட் காட் என்ற உறவு மீனில் அதைச் செய்துபார்த்தார்கள். பண்ணையில் இரண்டு வயது வரை வளர்த்து, ரேடியோ கருவி பொருத்தி, காட்டர், மர்ரம்பிட்ஜி ஆறுகளில் விட்டபோது பிழைப்பு மிகக் குறைவாக இருந்தது. அதே டிரவுட் காட், ஓவன்ஸ் ஆற்றில் 1997 முதல் 2006 வரை ஆண்டுதோறும் சிறு குஞ்சுகளாக விடப்பட்டு, இன்று தானாகவே இனம் பெருக்கும் கூட்டமாக நிற்கிறது. பெரிதாக வளர்ப்பதற்கு ஆகும் செலவை, ஆண்டுகளைக் கூட்டுவதில் இடுவது பல சமயம் மேல்.

மூலக் கூட்டத்துக்குத் தீங்கு வராமல் எவ்வளவு எடுக்கலாம்?

விடும் ஆற்றுக்கு மட்டும் மாதிரி எழுதுவது இந்தத் துறையில் நாம் பார்க்கும் மோசமான பழக்கம். மூலக் கூட்டத்துக்கும் சேர்த்தே எழுத வேண்டும். ‘எடுக்காமல்’, ‘எடுத்து’ என்று இரண்டு ஓட்டம், இரண்டுக்கும் அதே தற்செயல் எண் வரிசை. அப்போதுதான் இரண்டிலும் ஒரே வறட்சி, ஒரே வெள்ளம் வரும். வித்தியாசம் எடுத்ததால் மட்டுமே என்று சொல்ல முடியும். பார்க்க வேண்டியது சராசரி எண்ணிக்கையை அல்ல. அடுத்த முப்பது ஆண்டில் எப்போதாவது கூட்டம் ஒரு ஆபத்தான அளவுக்குக் கீழே இறங்கும் வாய்ப்பை. எடுப்பதால் அது 4 சதவீதத்திலிருந்து 5 ஆனால் பேசலாம்; 4இலிருந்து 15 ஆனால் திட்டத்தை மாற்றுங்கள்.

நிறுத்தும் விதியையும் மாதிரியிலேயே எழுதுங்கள்: முந்தைய கோடையில் குஞ்சு தென்படாவிட்டால் அந்த ஆண்டு எடுப்பதில்லை என்பது போல. இந்த ஒரு விதி மூலக் கூட்டத்தின் ஆபத்தைக் கணிசமாகக் குறைக்கும். விடும் ஆற்றுக்கு ஆகும் தாமதம் சிறியது.

கான்பெராவின் காட்டர் அணை சுமார் 400 கோடி லிட்டரிலிருந்து 7,800 கோடி லிட்டர் கொள்ளளவுக்கு உயர்த்தப்பட்டு 2013இல் முடிந்தபோது, அங்கிருந்த மக்குவாரி பெர்ச் கூட்டத்துக்கு என்ன ஆகும் என்ற கவலை பெரிதாக இருந்தது. ஒரே கூட்டத்தைக் காப்பதும் அதிலிருந்தே மீன் எடுத்து வேறு ஓடையில் கூட்டம் அமைப்பதும் ஒரே நேரத்தில் வந்து நின்ற இடம் அது.

மரபணுப் பக்கத்தைச் சேர்க்க வேண்டுமா? எண்ணிக்கை போதாதா?

போதாது. நூற்றில் ஐந்து என்ற அளவில் உள்ள ஒரு அரிய மரபணு வடிவம், 10 மீன்களை மட்டும் எடுத்தால் அவற்றில் ஒன்றிலாவது இருக்கும் வாய்ப்பு 64 சதவீதம். 30 மீன் என்றால் 95 சதவீதம். (ஒவ்வொரு மீனிலும் மரபணுவின் இரண்டு நகல் இருப்பதால், 0.95ஐ மீன் எண்ணிக்கையின் இரு மடங்கு தடவை பெருக்கி 1இலிருந்து கழித்தால் இந்த விடை வரும்.) முப்பது பெற்றோர் உண்மையிலேயே இனப்பெருக்கத்தில் பங்கேற்க வேண்டும் என்பதால், பிடிக்க வேண்டிய மீன் அதைவிடக் கூடுதல்.

விட்ட பிறகும் இழப்பு தொடரும். பயனுறு இனப்பெருக்க எண்ணிக்கை (அடுத்த தலைமுறைக்கு மரபணு தருவதில் எத்தனை மீனுக்குச் சமம் என்ற கணக்கு) 20 என்றால் பத்துத் தலைமுறையில் மரபணு வேறுபாட்டில் 22 சதவீதம் போய்விடும். 100 என்றால் 5 சதவீதம். பண்ணையில் இது இன்னும் மோசம். இரண்டு பெண், மூன்று ஆண் மீன்களிலிருந்து ஐம்பதாயிரம் குஞ்சு எடுத்து விட்டாலும், பயனுறு எண்ணிக்கை 4.8தான். லாரியில் வரும் குஞ்சு எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்வதற்குமுன் தாய் மீன் எத்தனை என்று கேளுங்கள்.

மக்குவாரி பெர்ச்சின் பெரும்பாலான கூட்டங்கள் துண்டுபட்டு மரபணு வேறுபாட்டை இழந்துவிட்டன. அதனால் ஓவன்ஸ் ஆற்றில் மறு அறிமுகம் செய்தபோது ஒன்றுக்கு மேற்பட்ட மூலங்களிலிருந்து மீன் சேர்த்தார்கள்; அது பிழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் நன்மை தந்தது. ஆனால் கலப்பதற்கும் எல்லை உண்டு. கிழக்குக் கரையோர ஆறுகளில் உள்ள மக்குவாரி பெர்ச், மர்ரே–டார்லிங் மீனிலிருந்து நெடுங்காலம் பிரிந்த தனி வழி. அவற்றை இவற்றோடு சேர்க்கக் கூடாது.

எத்தனை முறை ஓட்ட வேண்டும்?

அழியும் வாய்ப்பு 10 சதவீதம் அளவில் இருந்தால், 100 ஓட்டத்தில் விடை 6 சதவீதப் புள்ளி இப்படியோ அப்படியோ ஆடும். 1,000 ஓட்டத்தில் 2 புள்ளி. ஒப்பீட்டுக்கு 1,000 போதும்.

ஆனால் ஒரே அளவுரு எண்களோடு (பிழைப்பு விகிதம், முட்டை எண்ணிக்கை போன்ற உள்ளீடுகளோடு) பத்தாயிரம் முறை ஓட்டுவதைவிட, அளவுருக்களை அவற்றின் வரம்புக்குள் மாற்றி 500 தொகுப்பு எடுத்து, ஒவ்வொன்றையும் 200 முறை ஓட்டுவது பல மடங்கு பயனுள்ளது. ஆண்டுக்கு ஆண்டு வரும் இயற்கை மாற்றம் வேறு, நமக்குத் தெரியாமை வேறு. இரண்டையும் ஒரே குடத்தில் ஊற்றிவிட்டால், எந்தத் தரவைத் தேடினால் முடிவு தெளிவாகும் என்பதைப் பிரித்தெடுக்க முடியாது. வெளிச்சுற்றில் தெரியாமை, உட்சுற்றில் இயற்கை மாற்றம் என்று பிரித்து ஓட்டுங்கள்.

மாதிரியில் அடிக்கடி நேரும் பிழைகள் எவை?

பின்ன மீன். கூட்டம் சிறிதாகும்போது மாதிரி ‘0.3 மீன்’ என்று வைத்துக்கொண்டு, நல்ல ஆண்டு வந்ததும் அதிலிருந்து மறுபடி வளரும். பிழைப்பை ஈருறுப்புப் பரவலில், ஒவ்வொரு மீனுக்கும் காசு சுண்டிப் பார்ப்பதுபோல, முழு எண்ணாக எடுத்தால் இது நேராது. அதோடு, முதிர்ந்த பெண் இரண்டுக்குக் கீழே போனால் அழிந்ததாகக் கொள்ளலாம்.

குறைந்த எண்ணிக்கையில் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று காணாமல் போவதைக் கணக்கில் எடுக்காமல் விடுவது. இருபது கிலோமீட்டரில் பத்து மீன் பரவிவிட்டால், முட்டையிட ஒரே சரளைத் திட்டில் சேருவது அரிது. விடும் இடங்களை நெருக்கமாகத் திட்டமிட இது காரணம்.

அடர்த்திக் கட்டுப்பாட்டைத் தவறான வயதில் வைப்பது இன்னொன்று. முதிர்ந்த மீன் தாங்குதிறனைத் தாண்டியதும் வெட்டிவிடுவது எழுதுவதற்கு எளிது. ஆனால் உண்மையில் நெருக்கடி பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே, குஞ்சுகளின் இடத்துக்கும் உணவுக்கும்தான். எந்த வயதில் வைக்கிறோமோ, எந்த வயது மீனை எடுக்கலாம் என்ற விடையே அதற்கேற்ப மாறும். இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்க்காமல் பரிந்துரை எழுதக் கூடாது.

அலகுப் பிழை. சிலர் ஆண் பெண் இரண்டையும் எண்ணி, முட்டையையும் முழுதாகப் பெருக்கிவிடுகிறார்கள், வளர்ச்சி இரட்டிப்பாகும். பெண் மட்டும் என்று தொடங்கினால் கடைசிவரை பெண் மட்டும்.

விட்ட பிறகு மாதிரிக்கு என்ன வேலை?

நிறைய. விடுவதற்கு முன்பே மூன்றாம், ஐந்தாம், பத்தாம் ஆண்டில் எந்த வரம்புக்குள் மீன் கிடைக்க வேண்டும் என்று எழுதிவைத்துவிடுங்கள். கண்காணிப்பு முடிவு வரம்புக்கு வெளியே விழுந்தால், எந்த அளவுரு தொகுப்புகள் இன்னும் பொருந்துகின்றன என்று வடிகட்டி, மீதித் திட்டத்தை அவற்றைக் கொண்டு மறுபடி ஓட்டுங்கள்.

மீன் கிடைக்கவில்லை என்பதற்கும் மீன் இல்லை என்பதற்கும் உள்ள வேறுபாடு முக்கியம். ஒரு முறை வலையோ, மின்சாரத்தால் மீனை மயக்கிப் பிடிக்கும் மின்மீன்பிடிப்போ செய்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 0.3 என்றால், மீன் இருந்தும் ஐந்து முறை தொடர்ந்து தவறும் வாய்ப்பு 17 சதவீதம். அதை 4 சதவீதமாக்க ஒன்பது முறை போக வேண்டும். நீரில் உதிர்ந்த டிஎன்ஏ சோதனையை இதோடு சேர்த்தால் செலவு குறையும். ஆனால் அது வயதைச் சொல்லாது. அங்கேயே பிறந்த குஞ்சு உண்டா என்பதற்கு மீனைக் கையில் பிடித்துத்தான் ஆக வேண்டும். பண்ணைக் குஞ்சுகளைக் கால்சீன் சாயத்தில் குறியிட்டு விட்டால், குறி இல்லாத இளமீன் ஆற்றில் பிறந்தது என்று தெரியும். துடுப்பின் சிறு துண்டை வெட்டி வைத்தால் அதன் பெற்றோர் யார் என்பதும் பின்னால் தெரியும்.

எப்போது வெற்றி என்று சொல்லலாம்?

விட்ட மீன் உயிரோடு இருப்பது முதல் படி. அவை முட்டையிட்டது இரண்டாவது. ஆற்றில் பிறந்த மீன் முதிர்ந்து தானும் முட்டையிட்டால் மூன்றாவது. இவற்றுக்கு மேல், விடுவதை நிறுத்திய பின் ஒரு கடும் வறட்சியைத் தாண்டிக் கூட்டம் எழ வேண்டும். குவீன்பியன் ஆறு முதல் மூன்றையும் கடந்தது, நான்காவதில் வீழ்ந்தது.

நம் காவிரி மகசீருக்கு இது உதவுமா?

உதவும், ஆனால் வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டும். முதுகில் திமில் கொண்ட காவிரி மகசீர் 50 கிலோவைத் தாண்டி வளரக்கூடியது, ஐ.யூ.சி.என். 2018இல் அதை மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிட்டது. மோயாறு அதன் எஞ்சிய இடங்களில் ஒன்று. 1970களிலிருந்து லோனாவாலா பண்ணையில் வளர்த்த நீலத்துடுப்பு மகசீர் காவிரியில் விடப்பட்டது. அது பெருகப் பெருகத் திமில் மகசீர் அருகியது. நல்லெண்ணத்தோடு குஞ்சு விடுவதே தீங்காகும் என்பதற்கு நம் கண்முன் உள்ள சான்று இது. எனவே தாய் மீன் சேர்ப்பதற்கு முன் ஒவ்வொன்றின் டிஎன்ஏவையும் சோதிப்பது கட்டாயம்.

இந்த மீனின் பிழைப்பு விகிதங்கள் நம் கையில் இல்லாமலேயே மாதிரி ஒரு பயனுள்ள பதிலைத் தரும். நெடுநாள் வாழும் மீனில் முதிர்ந்த பெண்ணின் ஆண்டுப் பிழைப்பு 0.9 என்றால் அது சராசரி பத்துப் பருவம் முட்டையிடும். வெடிவைத்தும் வலையிட்டும் பிடிப்பதால் 0.8 ஆனால் ஐந்து பருவம். வாழ்நாள் முட்டை பாதியாகிறது. அந்தப் பாதியைப் பண்ணைக் குஞ்சால் ஈடுகட்ட எத்தனை தாய் மீனை ஆற்றிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும் என்று ஓட்டிப் பார்த்தால், மோயாற்று மடுக்களில் காவல் போடுவது எவ்வளவு மலிவு என்று தெரியும்.

மாதிரி ‘விடாதே’ என்று சொன்னால்?

முதலில் எந்த அளவுரு அப்படிச் சொல்ல வைக்கிறது என்று பாருங்கள். கோடை மடுக்கள் குறைவு என்பதால் என்றால், அணையிலிருந்து கோடையில் திறக்கும் நீரை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். மூலக் கூட்டம் தாங்காது என்பதால் என்றால், முதல் சில ஆண்டு அதை வலுப்படுத்தும் வேலையைச் செய்யுங்கள். எந்த மாற்றத்திலும் முப்பது ஆண்டுப் பிழைப்பு வாய்ப்பு உயரவில்லை என்றால் அந்த ஆற்றை விட்டுவிட்டு அடுத்த ஆற்றுக்குப் போங்கள். உள்ளீட்டு எண்கள், நிரல், தள்ளிவிட்ட காரணம் மூன்றையும் பொதுவில் வையுங்கள். பத்து ஆண்டு கழித்து அணைத் திறப்பு மாறும்போது, அதே கோப்பைத் திறந்து ஓட்டுவதற்கு வேறொருவர் இருப்பார்.